நங்கையின் இருபத்தேழாம் அத்தியாயம்

சென்னை, மகளிர் விடுதி
12 செப்டம்பர் 2024

நுஸைபா,

மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். காகிதத்தில் நான் உனக்கு எழுதியதெல்லாம் "இன்டர்வல்ல எனக்கும் சேத்து சமோசா வாங்கு" என்பது மட்டும்தான். இன்று தபால் நிலையத்தில் போய் கவர் வாங்கி, ஸ்டாம்ப் எந்த மூலையில் ஒட்டுவது என்று கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பெருமையெல்லாம் உனக்குத்தான் சேர வேண்டும்.

ஒன்பது நாளாக நீ என்னை எல்லா இடத்திலும் பிளாக் செய்து வைத்திருக்கிறாய். உன் தம்பி பாசித்துக்கு போன் போட்டேன். "அக்கா பேச மாட்டேங்குது, என்னைய மாட்டிவிடாதீங்க" என்று வைத்துவிட்டான். நான் என்ன செய்தேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை.

இங்கே எனக்கு ஒன்றும் சுலபமாக இல்லை. முதல் வாரம், பொழுதுபோக்கு என்ன என்று வகுப்பில் ஒவ்வொருவரையும் கேட்டார்கள். நான் 'அலைவாய்க் காவல்' டிவி தொடருக்கு ஃபேன்ஃபிக் எழுதுவேன் என்றேன். அப்படியென்றால் என்ன என்று ஒருத்தி கேட்டாள். பிடித்த கதையில் வருகிறவர்களை எடுத்துக்கொண்டு ரசிகர்களே மேற்கொண்டு எழுதுவது என்றேன். பின்னால் இருந்த இளவழகன், "சொந்தமா ஒரு ஆளக்கூட யோசிக்க வராதா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பிறகு அனுராதா மேடம் எல்லோரையும் ஏதாவது எழுதிக் கொண்டுவரச் சொன்னார். நான் கொடுத்ததை வகுப்பிலேயே வாசித்துக் காட்டினார். துறை இதழில் போட்டார்கள். அக்டோபர் 25 அன்று கல்லூரிகளுக்கு இடையிலான விழாவில் மேடையேறி வாசிக்கவும் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை என் பெயர்கூடத் தெரியாதவர்கள் மெஸ்ஸில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்கிறார்கள். உன்னிடம்தான் முதலில் சொல்ல நினைத்தேன். அன்றைக்குத்தான் நீ பிளாக் செய்தாய்.

உனக்குப் பொறாமையோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்ததற்காக வெட்கப்படுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நம் கதையில் நாற்பத்தொன்றாவது அத்தியாயம் நான் எழுத வேண்டியது, அப்படியே கிடக்கிறது. பதில் போடு.

கலை

*

பாபநாசம்
18 செப்டம்பர் 2024

கலைமகள்,

முழுப் பெயரையும் எழுதியிருக்கிறேன். அதிலிருந்தே நான் எந்த அளவுக்குக் கோபத்தில் இருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் துறையின் இன்ஸ்டாகிராமில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். 'வரப்போரம்', எழுதியவர் கோ. கலைமகள். கும்பகோணத்துக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தேன். கல்லூரி நிறுத்தத்தில் இறங்க மறந்துவிட்டேன். முதல் வாக்கியத்திலிருந்து கடைசி வாக்கியம் வரை அது நம் இருபத்தேழாவது அத்தியாயம். துறைமுகம் வயலாகியிருக்கிறது. காவல்தலைவன் விவசாயியாகியிருக்கிறான். நங்கை 'பாக்கியம்' ஆகியிருக்கிறாள். மொத்தம் பன்னிரண்டு இடத்தில் மாற்றியிருக்கிறாய். கணக்குப் படிக்கிறேன் இல்லையா, எண்ணிப் பார்த்தேன்.

தொடரில் நங்கைக்கு இரண்டே காட்சி. வாசலில் நின்று காவல்தலைவனான புருஷனை வழியனுப்புவாள், அவ்வளவுதான். அவளை யாரும் கவனிக்கவில்லையே என்று ஆத்திரப்பட்டு அவளுக்காக நாற்பது அத்தியாயம் எழுதிய கிறுக்குகள் நாம் இரண்டு பேரும். 'இருகரை' என்று ஒரே புனைபெயர் வைத்தோம். இப்போது பட்டணத்தில் நாலு பேர் சிரித்தார்கள் என்றவுடன் அவள் பெயரை அழித்துவிட்டாய்.

அதாவது போகட்டும். அந்த அத்தியாயத்தை எழுதியது நான்.

நுஸைபா

*

சென்னை
23 செப்டம்பர் 2024

நுஸைபா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்கும் கோபம் வருகிறது, எழுதிவிடுகிறேன்.

நங்கையின் பெயரை மாற்றியது என் கோழைத்தனம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருபத்தேழு உன்னுடையது என்கிறாயே, அது எப்படி? ஒற்றைப்படை எல்லாம் நான், இரட்டைப்படை எல்லாம் நீ. அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே நான்தான். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள், இன்றைக்கு உன் வயலுக்கு, நாளைக்கு என் வயலுக்கு. தன் முறை இல்லாத நாளில் மடையைத் திறந்தால் ஊரே சண்டைக்கு வரும். அதையே கதைக்கும் வைத்துக்கொள்வோம் என்று சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மூன்று வருடத்தில் நாம் முறை தவறியதே இல்லை.

இன்னொன்று. அந்த அத்தியாயத்தில் நடப்பது யாருடைய கதை? பாம்பு கடித்தது என் அப்பாவை. குறுவை அறுவடைக்கு மெஷின் இறங்குமளவு தரை காய்ந்திருக்கிறதா என்று பார்க்க, செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வயலில் இறங்கினார். கண்ணாடி விரியன். ஆம்புலன்ஸ் வந்தபோது அம்மா அந்தச் செருப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. "நங்கை அழவில்லை. அழுதால் அவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது." அனுராதா மேடம் இரண்டு தடவை வாசித்த வரி அது. அதை என்னைத் தவிர யார் எழுதியிருக்க முடியும்?

நீ ஏதோ குழப்பிக்கொள்கிறாய். நிதானமாக யோசி.

கலை

*

பாபநாசம்
30 செப்டம்பர் 2024

கலைமகள்,

நிதானமாகவே யோசித்தேன். உனக்கும் அந்த நாளை வரிசையாகச் சொல்கிறேன்.

2022 அக்டோபர். பதினொன்றாம் வகுப்பு. காலை இரண்டாவது பீரியடில் உன்னை வந்து அழைத்துப் போனார்கள். மத்தியானம் நான் அம்மாவிடம் சொல்லி, சோறு கட்டிக்கொண்டு, தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன். நான் தனியாகத் தஞ்சாவூர் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. நீ மாடியில் அப்பா பக்கத்தில் இருந்தாய். உன் சித்தப்பா ரத்தம் ஏற்பாடு செய்ய அலைந்துகொண்டிருந்தார். கீழே பெஞ்சில் உன் அம்மா மட்டும் இருந்தார்கள். மூன்றரை மணி நேரம் நான் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பையில் என்ன என்று கேட்டேன். "அவரு செருப்பும்மா. நடந்துதானே வரணும், வெயில் சுடும்ல" என்றார்கள்.

நீ மாடியிலிருந்து எனக்கு மெசேஜ் அனுப்பினாய். "இந்த வாரம் என்னால முடியாதுடி. என் முறைய நீ எடுத்துக்க." முறையை விட்டுக்கொடுப்பதும் உங்கள் வாய்க்காலில் உண்டு என்று நீதான் சொல்லியிருக்கிறாய். நான் எடுத்துக்கொண்டேன். இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு, மூன்றையும் தொடர்ந்து நானே எழுதினேன். இருபத்தேழை எழுதி முடிக்க நாலு நாள் ஆனது.

அந்த மெசேஜ் என்னிடம் இருக்கிறது. நீ போன் மாற்றிவிட்டதால் உன்னிடம் இருக்காது. பிரின்ட் எடுத்து இந்தக் கவரில் வைக்கலாமென்று கடை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். நான் சொல்வதை நம்ப உனக்குச் சாட்சி வேண்டுமென்றால் ஒரு வரி எழுது, அனுப்பிவைக்கிறேன். அதோடு நமக்குள் பழக்கம் முடிந்தது.

நீ அதை எடுத்துக் கொடுத்ததுகூட எனக்குப் பெரிதில்லை. நான் அன்றைக்கு அங்கே வந்ததே உனக்கு நினைவில் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

நுஸைபா

*

சென்னை
14 அக்டோபர் 2024

நுஸைபா,

பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. உன் கடிதம் வந்த அன்று, "சரி, மெசேஜை அனுப்பு" என்று எழுதினேன். கவரில் போட்டு ஒட்டியும் ஆயிற்று. பெட்டியில் போடக் கை வரவில்லை.

ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். அம்மா நாற்றுப் பறிக்கப் போய்விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவள் பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"நுஸைபா பொண்ணுதான். சோறு கொண்டாந்துச்சு. நான் திங்கல, அதுவும் திங்காம உக்காந்திருந்துச்சு."

"நான் எங்கம்மா இருந்தேன்?"

"நீ மேல அப்பாகிட்ட இருந்த. நீ கீழ எறங்கி வாறதுக்குள்ளயே அவுருக்குத் தேவலன்னு சொல்லிட்டாங்களே. அப்புறம் என்ன, சித்தப்பா கையில பையக் குடுத்துட்டு நானும் மேல வந்துட்டேன்."

அம்மா அந்தப் பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவே இல்லை, நுஸைபா. என் கண்ணில் நிற்கிறது என்று உனக்கு எழுதினேனே, அந்தப் பச்சைச் சுவர், பெஞ்சின் உடைந்த கால், மடியில் பையின் காதைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தது, எல்லாமே நீ எழுதியவை. அப்பா வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம் நாம் கதை போடும் தளத்தில் அதைப் படித்து அழுதிருக்கிறேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. படித்துப் படித்து, நானே பார்த்ததாக ஆகிவிட்டது. இதழுக்குக் கொடுக்கும்போது மனதறிந்து திருடவில்லை. ஆனால் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஃபேன்ஃபிக் என்று தெரிந்துவிடுமே என்ற பயத்தில் உன்னிடமும் மறைத்தேன்.

மன்னித்துக்கொள். உன் தெருமுனை வரைக்கும் நடந்து வந்தேன். மாடியில் உன் துப்பட்டா காய்ந்தது. மேலே வர முகம் இல்லாமல் திரும்பிவிட்டேன்.

25ஆம் தேதி மேடை. மேடத்திடம் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. இந்த ஊரில் என்னை நாலு பேருக்குத் தெரிவது அந்த ஒரு கதையால்தான். அதுவும் போய்விட்டால் மறுபடி மெஸ்ஸில் தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் தேட வேண்டும். பயமாக இருக்கிறது. நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

கலை

*

பாபநாசம்
18 அக்டோபர் 2024

கலை,

நான் சொல்லி நீ செய்வதாக இருந்தால் அதற்குப் பெயர் உண்மை சொல்வது இல்லை. அதை நீயே முடிவு பண்ணிக்கொள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ சொல்வதாக இருந்தால் நங்கையையும் சேர்த்துச் சொல். என் பெயரை மட்டும் போட்டு, 'பாக்கியம்' என்றே விட்டுவிட்டால் எனக்கு வேண்டாம். இன்னொருவர் உண்டாக்கிய கதையில் ஓரமாக நின்றிருந்த பெண் அவள். அவள் இல்லையென்றால் உன் அம்மா முகத்தை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரிந்திருக்காது. நேராக எழுத எனக்குத் தைரியம் இல்லை.

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்தேழைப் போட்ட அன்று ஆயிரத்து இருநூறு பேர் படித்தார்கள். அதுவரை நமக்கு அவ்வளவு பேர் வந்ததில்லை. கமென்ட்டாக வந்துகொண்டே இருந்தது. உன் அப்பா அப்போதும் படுக்கையில்தான் இருந்தார். நான் இங்கே போனைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். உங்கள் வீட்டுத் துக்கத்தில் எனக்குக் கைதட்டல் கிடைத்த மாதிரி இருந்தது. அந்தக் கூச்சத்தில்தான் இரண்டு வருடமாக அதை நான் எழுதியது என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நீ மறந்திருக்க மாட்டாய்.

உன்னை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. பாதி வழி வந்திருக்கிறேன்.

நுஸைபா

*

சென்னை
28 அக்டோபர் 2024

நுஸைபா,

22ஆம் தேதி மேடத்தின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். "இத வகுப்புல வந்து சொல்லும்மா. அங்கதான வாசிச்சேன்" என்றார்.

வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். அதை எழுதியது என் தோழி நுஸைபா, கும்பகோணத்தில் கணிதம் படிக்கிறாள், அது 'அலைவாய்க் காவல்' தொடருக்கு எழுதிய ரசிகர் கதை, அந்தப் பெண்ணின் பெயர் நங்கை. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. இளவழகன் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

விழாவில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். 25ஆம் தேதி வேறொரு பெண் வேறொரு கதையை வாசித்தாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். இதழில் திருத்தம் வரும். மேடம் உன்னிடம் அனுமதி கேட்டு எழுதுவார். "தப்பு பண்ணின, வந்து சொல்லிட்ட. ரெண்டையும் ஞாபகம் வச்சுக்கிறேன். இனிமே உன்னோடத எழுதிக் கொண்டா" என்றார் என்னிடம். மூன்று நாளாக உட்கார்ந்து பார்த்தேன், அரைப் பக்கம் தேறவில்லை. நீ இல்லாமல் நான் ஒரு கதையும் எழுதியதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மெஸ்ஸில் நான் நினைத்தபடிதான் ஆனது. தனியாகத்தான் சாப்பிடுகிறேன். நேற்று மட்டும் மலர்க்கொடி என்று ஒருத்தி, பக்கத்து அறைக்காரி, எதிரில் வந்து உட்கார்ந்து, "இருகரை நீங்க ரெண்டு பேருமா? நாப்பத்தொன்னு எப்ப வரும்?" என்று கேட்டாள். பத்தாம் வகுப்பிலிருந்து நம்மைப் படிக்கிறாளாம். சாம்பாரைக் கையில் ஊற்றிக்கொண்டேன்.

ஒரு உதவி. அம்மாவிடம் போனில் எல்லாம் சொன்னேன். "அந்தப் பொண்ணு என்னையப் பத்தி என்னதான் எழுதுச்சு? ஒரு நாளைக்குப் படிச்சுக் காட்டச் சொல்லேன்" என்கிறாள். போனில் நானே படித்துக் காட்டியிருப்பேன். எனக்கு அந்த உரிமை இல்லை என்று தோன்றியது. உனக்கு மனமிருந்தால் போய் வா.

கலை

*

பாபநாசம்
9 நவம்பர் 2024

கலை,

நேற்று உங்கள் வீட்டுக்குப் போனேன். நல்ல மழை. பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதற்குள் பாதி நனைந்துவிட்டேன். உன் அம்மா துண்டு எடுத்துக் கொடுத்து, டீ போட்டுக் கொடுத்து, நான் வந்த விஷயத்தை மட்டும் பேசாமல் வேறென்னென்னவோ பேசினார்கள். உன் அப்பா, நடவு வயலில் தண்ணீர் நிற்கிறது, வடிக்க வேண்டும் என்று மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார். செருப்பு போட்டுக்கொண்டுதான் போனார், நான் கவனித்தேன்.

போனைத் திறந்து படித்தேன். துறைமுகம், காவல்தலைவன், நங்கை என்று நான் படிக்க, உன் அம்மா இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "நங்கைங்கிறது நானா?" ஆமாம் என்றேன். "நல்ல பேருதான்" என்றார்கள். பிறகு சேலை முந்தானையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீ சண்டை போட்ட அந்த வரிக்கு வந்தேன். உங்கள் மேடம் இரண்டு தடவை வாசித்தது, அத்தனை பேர் கமென்ட்டில் எடுத்து எழுதியது. "நங்கை அழவில்லை. அழுதால் அவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது."

"நிறுத்தும்மா" என்றார்கள்.

நான் ஏதோ தப்பாக எழுதி மனதைப் புண்படுத்திவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. நான் அழுதேன்மா. நீ தண்ணி புடிக்கப் போனீல்ல, கேனுக்கிட்ட கூட்டமா இருக்குன்னு வர லேட்டாச்சுல்ல, அப்ப அழுதேன். நீ வாறது தெரிஞ்சதும் தொடச்சுக்கிட்டேன். சின்னப் புள்ள, தனியா பஸ் ஏறி வந்திருக்கு, நான் அழறதப் பாத்தா பயந்துடுமேன்னுதான்."

மூன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று உன்னிடம் அவ்வளவு பெருமையாகச் சொன்னேன் இல்லையா, கலை? நான் பார்த்தது, அவர்கள் எனக்குக் காட்டிய முகம். எனக்காகத் துடைத்து வைத்த முகத்தைப் பார்த்துவிட்டு, அழவில்லை என்று எழுதினேன். அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்தேன். உன்னுடையதா என்னுடையதா என்று இரண்டு மாதம் நாம் அடித்துக்கொண்ட வரி தப்பு. உன் அம்மாவைக் கேட்கவேண்டும் என்று நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

உங்கள் மேடத்தின் கடிதம் வந்திருக்கிறது. அந்த வரியைத் திருத்தித் தந்த பிறகுதான் அச்சுக்குப் போகலாம் என்று பதில் எழுதப் போகிறேன். தனியாகத் திருத்த என்னாலும் முடியவில்லை. 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பாசித்தைக் கூட்டிக்கொண்டு ரயிலில் சென்னைக்கு வருகிறேன், அத்தாவிடம் கேட்டாயிற்று. அந்த மெஸ்ஸில் எனக்கும் ஒரு தட்டு சொல்லி வை.

மிச்சத்தைப் படிக்கட்டுமா என்று உன் அம்மாவைக் கேட்டேன். படி என்றார்கள். என்னால் எங்கே படிக்க முடிந்தது? போனை மடியில் வைத்துவிட்டு, உங்கள் கூடத்தில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவர்களும் அழுதார்கள். இந்தத் தடவை துடைத்துக்கொள்ளவில்லை.

நுஸைபா